பன்னிரண்டு கிலோவுக்குள்ளே

இல்ல சார், நான் இறங்கல. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. இந்த செக்போஸ்ட்ல எப்பவும் கால் மணி நேரம் நிக்கும். டிரைவர் டிபனை முடிச்சுட்டுத்தான் வண்டியை எடுப்பாரு. எனக்குப் பை இருக்குல்ல, பாத்துக்கணும்.

நீங்களும் இறங்கலையா? அப்ப காலை நீட்டி நல்லா உக்காருங்க. பை இடிச்சா சொல்லுங்க, மடியில எடுத்து வச்சுக்கிறேன்.

பாக்கத்தான் பெருசு. தூக்கிப் பாருங்க. சும்மா தூக்கிப் பாருங்க சார். பாத்தீங்களா? டென்ட்டு, அடுப்பு, ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் சாமான், எல்லாம் சேத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள்ள. பார்சல் ஆபீஸ்ல எடை போடுற ஆளு நான். இருபத்திரண்டு வருசம். ஒரு பெட்டியைக் கையில தூக்குனேன்னா தராசு என்ன சொல்லும்னு முன்னாடியே சொல்லிருவேன். ஐம்பது கிராம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்வெட்டரா? ஆமா, உங்களுக்கு வேர்க்குது, எனக்குக் குளிருது. தேனி பஸ் ஸ்டாண்டுல ஏறும்போதே போட்டுட்டேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லங்கிறாரு டாக்டரு. அதை விடுங்க.

அந்தா, டீக்கடை பெஞ்சுல பச்சைச் சேலை. அதான் என் வீட்டுக்காரி. பேரு போதுமணி, நான் போதுன்னு கூப்பிடுவேன். அஞ்சாவதும் பொம்பளப் புள்ளையாப் போச்சுன்னு போதும்னு வச்ச பேரு. பேரு பலிச்சு அடுத்தது பையன் பிறந்தான், குபேந்திரன். அவனைப் பெத்துப் போட்ட கையோட இவங்கம்மா போயிருச்சு. இவளுக்குப் பதினோரு வயசா இருக்கும்போது இவ இடுப்புல ஏறுனவன் சார் அவன். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவன் மச்சினன் பாதி, பிள்ளை பாதி.

பக்கத்துல தலைத்துண்டோட நிக்கிறாரே பெரியவரு, அவரு சவரிமுத்து. மேல ஏலக்காய் எஸ்டேட்ல வாட்சரு. அவரு இங்கயே வந்து நிப்பாருன்னு எனக்குத் தெரியாது. மேல போயி, காத்தாடிப்பாறையில ஒரு ராத்திரி தங்கிட்டு, காலையில எஸ்டேட்டுக்கு இறங்கி அவரைப் பாக்குறதுன்னுதான் பேச்சு. இவ எனக்குத் தெரியாம போனைப் போட்டு இங்க வரச் சொல்லியிருக்கா. பஸ்சு நின்னப்புறம்தான் சொல்றா. பேசட்டும். ரெண்டு பேரும் பேசட்டும், நான் எதுக்கு நடுவுல?

நீங்க காட்டுல போயி டென்ட்டடிச்சுத் தங்குனது உண்டா? போனீங்கன்னா ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. திரும்பி வந்த அன்னைக்கே, குளிக்கிறதுக்கு முன்னாடி, பையைக் கூடத்துல கொட்டுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க, மறந்து போயிரும். கொட்டிட்டு மூணு குவியலாப் பிரிங்க. ஒண்ணு, உபயோகப்பட்டது. ரெண்டு, சும்மா தூக்கிட்டுப் போயி சும்மா தூக்கிட்டு வந்தது. மூணாவதுல பொருளே இருக்காது, துண்டுச் சீட்டுதான். அய்யோ இதைக் கொண்டு வராமப் போனோமேன்னு எதெதுக்கு ஏங்குனீங்களோ அதை எல்லாம் சீட்டுல எழுதிப் போடணும். அடுத்த தடவை கிளம்பும்போது அந்த மூணு குவியலும்தான் உங்களுக்கு வாத்தியாரு.

முத தடவை காத்தாடிப்பாறைக்குத் தை மாசம் போனோம், நானும் குபேந்திரனும். அவன்தான் செல்போன் கடையில வேலை பாத்துக்கிட்டு, அதுல எதையோ பாத்துட்டு டென்ட்டு வாங்கினவன். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவ என்னடான்னா அரிவாமனையைக் குடுத்து விட்டிருக்கா. அரிவாமனை சார். காட்டுல உக்காந்து வெங்காயம் நறுக்க. ரெண்டு தேங்காய், தண்ணி பிடிக்க ஒரு குத்துப்போணி, எவர்சில்வர் தூக்குச்சட்டி. பை பத்தொன்பது கிலோ. மேல ஏறுறதுக்குள்ள தோள்பட்டை கன்னிப் போச்சு. வந்து பிரிச்சுப் பாத்தா ரெண்டாவது குவியல் மலை மாதிரி கிடக்கு. மூணாவதுல, நனையாத தீப்பெட்டி டப்பா, மாத்து சாக்ஸு, கால்ல அட்டை ஏறாம இருக்க மூக்குப்பொடி.

ரெண்டாவது தடவை சித்திரையில போனோம். பதினாலு கிலோவுக்குக் கொண்டு வந்துட்டேன். பல்பொடியைக்கூட நாலு வேளைக்கு அளந்து காயிதத்துல மடிச்சேன். சோப்பைப் பாதியா வெட்டுனேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். "மச்சான், பாத்து, விட்டா என்னையவும் தராசுல நிப்பாட்டிக் கொஞ்சம் செதுக்கிருவீங்க போல" அப்படிம்பான். நல்லாச் சிரிப்பான் சார் அவன்.

அப்புறம்தான் நான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். ரெண்டு தடவை தொடர்ந்து ரெண்டாவது குவியல்ல விழுந்த சாமான் மூணாவது தடவை பையில ஏறக்கூடாது. அது யாரு சாமானா இருந்தாலும் சரி. இப்பவும் சொல்றேன், அந்தச் சட்டத்துல தப்பில்ல. நீங்க யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க.

அவன்கிட்ட ஒரு கம்பளி இருந்துச்சு. கருப்புல சிவப்புக் கட்டம். சின்னதுல அவனுக்கு இளைப்பு உண்டு, அதனால இவ வாங்கிக் குடுத்தது. எங்க போனாலும் அதைக் கொண்டு போகணும். ஒரு கிலோ எண்ணூத்தம்பது. தையில சுருட்டிக்கிட்டுப் போனான், டென்ட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஒட்டிப் படுத்ததுல சுருட்டுனபடியே வந்துச்சு. சித்திரையில பிரிக்கவே இல்ல. ரெண்டு தடவை. சட்டம் சட்டம்தானே.

என்ன சார் கேட்டீங்க? மூணாவது தடவை எப்பன்னா? ஐப்பசி.

தெரியும் சார். நீங்க அப்படிப் பாக்க வேணாம். தையும் சித்திரையும் வேற, ஐப்பசி வேறன்னு எனக்கு இப்பத் தெரியுது. குவியல்ல மாசம் எழுதியிருக்காதுல்ல.

அன்னைக்குக் காலையில பையை ரெண்டையும் என் ஆபீஸுக்குக் கொண்டு போனோம். பெரிய தராசுல வச்சுப் பாத்துட்டுப் போறது எங்க வழக்கம். என்னுது பதினொண்ணு சில்லறை. அவனுது பதிமூணு அறுநூறு. அவன் வாழைப்பழம் வாங்க வெளிய போனான். நான் அவன் பையைத் திறந்தா, கம்பளி அடியில உக்காந்திருக்கு. வேணாம்னு நான் எடுத்து வச்சதை அவன் திரும்பத் திணிச்சிருக்கான். உருவி எடுத்து அலமாரியில வச்சேன். தராசைப் பாத்தேன். பதினொண்ணு எழுநூத்தம்பது. பன்னிரண்டுக்குள்ள சார். எனக்கு அப்ப வந்த சந்தோசம் இருக்கே, அதை இப்பச் சொல்லக் கூசுது.

பஸ்ஸுல, இதே பஸ்ஸுதான், இந்த வளைவு எல்லாம் ஏறயில கேட்டான். "மச்சான், பை என்ன லேசா இருக்கு? கம்பளி இருக்குல்ல?" நான் இருக்குன்னுட்டேன். மேல போயிச் சொல்லிக்கலாம், சிரிப்பான்னு நினைச்சேன். எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறவன்தானே.

அந்தாளு என்ன கையை விரிச்சு விரிச்சுப் பேசுறாரு? இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்கா. டீயைக் கையில வச்சிருக்கா, குடிக்கல. ஆறிப்போகும்.

மத்தியானமே மழை பிடிச்சிருச்சு. பாறைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு ஓடை. சித்திரையில முழங்காலுக்குக் கீழ இருந்த ஓடை. அவன் முன்னாடி போனான், வழுக்கி முழுசா உள்ள போயிட்டான். கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். சிரிச்சான். அப்பவும் சிரிச்சான். மேல போய்ச் சேரும்போது மணி மூணரை. காத்து அப்படி அடிக்குது. அவனுக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுது. டென்ட்டைப் பிரிப்போம்டான்னா விரல் மடங்க மாட்டேங்குது. "மச்சான், மொதல்ல கம்பளியை எடுத்துக்கிறேன், கொஞ்சம் சூடு வந்துரட்டும்" அப்படின்னு பையைத் திறந்தான்.

பைக்குள்ள கையை விட்டான். மேலாப்புல இல்ல. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். பக்கவாட்டுல விட்டான். இல்ல. என்னைப் பாத்தான்.

"அடியில இருக்கும், நல்லாப் பாரு மாப்ள"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. ரெண்டு வருசமா நானே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எடுத்துட்டேன்டான்னு ரெண்டு வார்த்தை. வாய் வரைக்கும் வருது. பஸ்ஸுல இருக்குன்னு சொல்லிட்டேனா, இப்ப இல்லைன்னா என்னை என்ன நினைப்பான்? இந்தா இப்பச் சொல்லிரலாம், அந்தச் சட்டையை எடுத்து முடிக்கட்டும். இந்தத் துண்டை எடுத்து முடிக்கட்டும். அவன் ஒவ்வொண்ணா எடுத்து வெளிய போடுறான். மாத்துச் சட்டை, லுங்கி, போர்வைத் துணி, எல்லாம் மழையில. ஓடையில விழுந்தும் பிளாஸ்டிக் கவருக்குள்ள உலர்ந்து கிடந்தது பூராம் நனையுது. பை காலி ஆனப்புறமும் அவன் கை உள்ளயே தடவிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பைத்துணியில நகம் உரசுற சத்தம் இருக்கே. கர்ர்க், கர்ர்க்னு. பட்டப்பகல்ல, ஆபீஸ்ல, பத்து லாரி நிக்கிற இரைச்சல்ல அது எனக்குக் கேக்கும். யாராவது பார்சல் மூட்டைக்குள்ள கையை விட்டா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

அரை மணி நேரம் தேடுனான். கடைசி வரைக்கும் நான் சொல்லல. அவனே, "ஓடையில விழுந்துருச்சு போல மச்சான், அக்கா கொல்லப் போகுது"ன்னான். ஆமா, இருக்கும்னேன்.

அந்த அரை மணி நேரத்துல கீழ நடந்திருந்தா எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்குப் பாதி தூரம் வந்திருப்போம். அது வேற.

அப்புறம் எப்படியோ டென்ட்டை நிப்பாட்டி அவனை உள்ள படுக்க வச்சேன். என் பையில டென்ட்டும் அடுப்பும்தான், மாத்துத் துணி பூராம் அவன் பையில இருந்ததுதான். என் சட்டையைக் கழட்டிப் போத்துனேன், அதுவும் ஈரம். பேச்சுக் குழற ஆரம்பிச்சிருச்சு. பயந்து கீழ ஓடுனேன். லயத்துல இந்தச் சவரிமுத்தும் இன்னும் மூணு பேரும் வந்தாங்க. ஓடித்தான் வந்தாங்க சார், வயசான மனுசன், எனக்கு முன்னாடி ஓடுனாரு. நாங்க போய்ச் சேரும்போது முடிஞ்சு போச்சு. சவரிமுத்து மழைக்குத் தன் தலையில போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து அவன் மேல போத்துனாரு. மழை இவரு முதுகுல விழுது. செத்தவனுக்கு எதுக்குய்யா நனையாம இருக்கணும்னு கூட வந்தவன் கேட்டான். சின்னப் பிள்ளைடான்னாரு.

ஆஸ்பத்திரி வாசல்ல இவ என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "போத்தி விட்டுட்டுத்தானே கீழ இறங்குனீங்க?" நான் தலையை ஆட்டுனேன். அவ்வளவுதான் சார். வாயால ஒரு வார்த்தை பொய் சொல்லல.

பதினாறாம் நாள் முடிஞ்சு ஸ்டேஷன்ல பையைக் குடுத்தாங்க. கூடத்துல கொட்டுனேன். பழக்கம், கை தானா பிரிக்குது. ஒண்ணு, ரெண்டு. இவ அடுப்படி நிலையில சாஞ்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா. "கம்பளி எங்க?"ன்னா. நான் துணியை மடிக்க ஆரம்பிச்சேன். அவளா முடிவு பண்ணிட்டா. போத்தி விட்டுட்டு வந்தது, இப்ப இல்ல. அப்ப எவனோ அவன் மேலருந்து உருவியிருக்கான். உசுரு இருக்கும்போதே உருவுனானோ, போனப்புறம் உருவுனானோன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. நான் அப்பவாவது சொல்லியிருக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க. நீங்க அந்த நிலைப்படியில அவ நின்ன நிலையைப் பாக்கல.

காளி கோயிலுக்குப் போயி காசு வெட்டிப் போட்டா சார். உங்க பக்கம் தெரியுமான்னு தெரியல, எங்க பக்கம் தீராத வயித்தெரிச்சலுக்கு அங்கதான் போவோம். காசை உளியில வச்சு ரெண்டா வெட்டிப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். என் தம்பி குளிருக்குப் போத்த இருந்ததை எவன் எடுத்தானோ, அவன் உடம்புல சூடு தங்கக்கூடாது ஆத்தான்னு சொல்லிச் சுத்தியலை ஓங்குனா. உளியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான். அவ ரெண்டு கையாலயும் சுத்தியலைப் பிடிச்சிருந்தா, அதனால நான் உளியைப் பிடிச்சுக்கிட்டேன்.

அன்னைலருந்து ஸ்வெட்டரு.

நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது.

போன மாசம் எவனோ மலையிலருந்து வந்தவன், சவரிமுத்து குளிர் காலத்துல ஒரு கம்பளி போத்திக்கிட்டுத் திரியுறாருன்னு இவகிட்ட சொல்லியிருக்கான். மலையில இருக்கிறவன் கம்பளி போத்தாம என்ன செய்வான்? ஆனா இவளுக்கு அது போதுமே. நேர்ல போயி மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அந்த மனுசன் மேல பழி வந்துரக் கூடாதுல்ல சார்? அதுக்குத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன். நானே கூட்டிட்டுப் போறேன், முதல்ல பாறையில தங்கித் தேடுவோம், கிடைக்கலேன்னா அவரைக் கேப்போம்னு சொன்னேன். சரின்னா.

இந்தப் பைக்குள்ள, கருப்புக் கவர்ல, அந்தக் கம்பளி இருக்கு. ஆபீஸ் அலமாரியில ரெண்டு வருசம் இருந்தது. ஒரு மாசமா ஆபீஸ் மொட்டைமாடியில அதைப் போட்டு வெயில்ல காய வச்சு, தண்ணி ஊத்தி, செம்மண்ணுல புரட்டி, திரும்பக் காய வச்சு, அங்கங்க கிழிச்சு விட்டேன். ரெண்டு மழைக்காலம் பாறைக்கடியில கிடந்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கு இப்ப. எடைகூடக் குறைஞ்சிருச்சு. ஒண்ணு அறுநூறுதான். ஏதாவது ஒரு பாறை இடுக்குல வச்சுட்டு, அவளே கண்டுபிடிக்கிற மாதிரி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவேன். "காத்துல பறந்து வந்திருக்கு, போது"ன்னு சொல்லுவேன். அவ அதைக் கட்டிப்பிடிச்சு அழுது தீத்துருவா. சவரிமுத்தும் தப்பிச்சாரு. இதுல யாருக்கு என்ன நட்டம்? இந்தத் தடவை எதுவும் விட்டுப் போகல சார், நாலு நாளாச் சீட்டு வச்சுச் சரி பாத்தேன்.

இந்த மனுசன் மட்டும் இங்க வந்து நிக்காம இருந்திருந்தா...

எந்திரிச்சுட்டா. வர்றா. அவரும் பின்னாடியே வர்றாரு, படி வரைக்கும். கும்பிடுறாரு. இவளும் கும்பிடுறா. அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா பாருங்க. திட்டத்தானே வந்தா? சார், நீங்க எதுவும் கேட்ட மாதிரிக் காட்டிக்க வேணாம்.

வா போது. உக்காரு. டீ குடிச்சியா? இவரு சும்மா பேச்சுத் துணைக்கு. மழையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

என்ன சொல்றாரு பெரியவரு?

ஆங்?

அவன் மேல ஈரச் சட்டைதான் கிடந்துச்சுன்னா சொல்றாரு? அது, வயசான ஆளு போது, இருட்டுற நேரம் வேற.

சாமானா? ஆமா, சாமான் வெளிய கிடந்துச்சு. டென்ட்டு வாசல்ல இறைஞ்சு கிடந்துச்சு. அதுக்கென்ன இப்போ? அவன் எதையோ தேடியிருப்பான். மாத்துச் சட்டை தேடியிருப்பான்.

சட்டையும் வெளியதான் கிடந்துச்சு, ஆமா. லுங்கியும் கிடந்துச்சு.

என்கிட்ட ஏன் கேக்குற, எதைத் தேடுனான்னு?

சார், நீங்க எந்திரிக்காதீங்க. உக்காருங்க. தயவு பண்ணி உக்காருங்க சார்.

அழாத போது. என்னையப் பாரு. இங்க பாரு.

அவன் தேடும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்.